தண்டவாளத்தின் புண்ணியம் யாருக்கு?

வெள்ளைக்காரன் ரயிலையாவது விட்டுப் போனான் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மறுப்பவர்கள் உடனே கொள்ளை போன பணத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் இங்கே கிடப்பது அறம் பற்றிய பழைய வழக்கு: தன் ஆதாயத்துக்காக ஒருவன் செய்த காரியத்தால் ஊருக்கு நன்மை விளைந்தால், அந்தப் புண்ணியம் அவனைச் சேருமா? சேராது என்பது என் கட்சி. அதே காரியத்தால் விளைந்த தீமையிலிருந்து, 'நான் அதை எண்ணவில்லை' என்று சொல்லி அவன் கழன்றுகொள்ளவும் முடியாது.

அரசின் எண்ணம் என்ன என்பதில் மர்மம் ஏதுமில்லை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1853-இல் எழுதிய குறிப்பு படைகளை விரைந்து நகர்த்துவதைப் பேசுகிறது; இங்கிலாந்து ஆலைகளுக்குப் போக வேண்டிய பருத்தியையும், அங்கிருந்து வரும் சரக்குக்கான சந்தையையும் பேசுகிறது. நான்கே ஆண்டுகளில் முதல் நோக்கம் பலித்தது. 1857 கிளர்ச்சியை அடக்கக் கல்கத்தாவில் இறங்கிய துருப்புகள் ராணிகஞ்ச் வரை ரயிலில் போய், தண்டவாளம் முடிந்த இடத்தில் மாட்டு வண்டி பிடித்தன. முதலீடு லண்டனில் திரட்டப்பட்டது. அபாயம் மட்டும் இங்கே இறக்கப்பட்டது. 1849 ஒப்பந்தங்களின்படி ரயில் கம்பெனிகளுக்கு நிலம் இலவசம், போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் போதாவிட்டால் இந்திய வரிப்பணம் துண்டு விழுந்ததை அடைக்கும். சிக்கனமாகப் பாதை போட யாருக்கு அக்கறை வரும்?

எண்ணம் எதுவானால் என்ன, பலன் கிடைத்ததல்லவா என்று கேட்கலாம். கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை உண்டாக்கியது யார்? சரக்கில்தான் வருமானம், பயணிகளை நம்ப முடியாது என்று 1845-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் கணித்தார்கள். சனங்களோ மூட்டை முடிச்சோடு காசிக்கும் கும்பமேளாவுக்கும் கிளம்பிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழிப்பறைகூட இல்லாத மூன்றாம் வகுப்பில், ஆட்டுமந்தைபோல் அடைபட்டு, காசும் கொடுத்துப் போனார்கள். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். படைக்கும் பஞ்சுப் பொதிக்கும் போட்ட பாதையை யாத்திரைக்கும் பிழைப்புக்கும் ஆனதாக்கியவர்கள் அவர்கள். புண்ணியம் என்று ஒன்று இருந்தால் அவர்கள் பக்கம்தான் எழுத வேண்டும்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. எண்ணாத நன்மைக்குப் புகழ் இல்லையென்றால், எண்ணாத தீமைக்குப் பழியும் இருக்கக் கூடாதே? தராசு இரு பக்கமும் ஒன்றுபோல் நிற்க வேண்டாமா? வேண்டியதில்லை. நன்மைக்குப் புகழ் பெற, பிறர் நலத்தை நாடியிருக்க வேண்டும். தீமைக்குப் பழி வர, விளைவு தெரிந்தும் கைகட்டி நின்றாலே போதும். கொன்றவன் நானில்லை, ஆகவே புலால் உண்பதில் பாவமில்லை என்ற பௌத்தரோடு சமணக் காப்பிய நாயகி நீலகேசி வழக்காடியதும் இந்த இடத்தில்தான். 1876–78 பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்தில் தானியம் குவிந்தது. ரயில் அதை உள்ளூர்களுக்குக் கொண்டும் போனது. வாங்கத்தான் கூலிக்காரன் கையில் காசில்லை. தானியம் விலை எங்கே அதிகமோ அங்கே ஓடுவதற்கும் அதே ரயில் வழி செய்தது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் அரசுச் செலவில் தானியம் வாங்கியபோது, சந்தையில் தலையிடாதே என்று கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு கடிந்துகொண்டது. நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று அந்த அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். பிணங்கள் கண்ணெதிரே கிடந்தன. எண்ணவில்லை என்ற சொல்லுக்கு இங்கே என்ன மதிப்பு?

பிறகு, பஞ்சத்தைத் தடுக்கவே ரயில் போட வேண்டும் என்று 1880-இல் பஞ்சக் கமிஷன் பரிந்துரைத்தது; தக்காணத்தின் வறண்ட பகுதிகளில் பாதைகளும் வந்தன. அந்த நோக்கம் மெய்யானதுதான். அதற்குரிய பாராட்டை மறைத்தால் என் வாதமே நேர்மையற்றதாகிவிடும். ஆனால் பாராட்டு அந்தப் பாதைகளோடு நிற்கும். 1853-ஐ எட்டிப் பிடிக்காது. நாட்டில் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் தண்டவாளம் கிடந்த 1899–1900 பஞ்சத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். தானியம் வந்து சேராததால் அல்ல. வந்த தானியத்தை வாங்க வழியில்லாததால்.