சொல்லின் மூட்டு

டச்சு மொழியில் இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். மூட்டு எங்கே என்று எழுத்து காட்டாது. வாய்க்குத் தெரியும்.

*

'டன்ட்' என்றால் பல், 'அர்ட்ஸ்' என்றால் மருத்துவர். சேர்ந்தால் பல் மருத்துவர். 'டன்ட்' பன்மையாகும்போது அதன் கடைசி எழுத்து நம் 'வண்டி'யின் டகரம் போல மெலிந்து ஒலிக்கும். தனிச்சொல்லின் ஈற்றில் நின்றால் 'பாட்டு'வின் டகரம் போல வலிக்கும். மருத்துவரோடு சேரும்போதும் வலித்தே நிற்கிறது, அடுத்து உயிர் வந்தும் மெலிவதில்லை. தமிழில் மெய்மேல் உயிர் ஏறி இரண்டும் ஒன்றாகியிருக்கும். இங்கே முதற்சொல் தான் முடிந்த இடத்தை மறப்பதில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

*

கூட்டுப்பெயரில் அழுத்தம் பெரும்பாலும் முதற்பகுதியில் விழும். ஊர்ப்பெயர்கள் பல இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆம்ஸ்டெல் ஆற்றின் அணையால் ஆம்ஸ்டர்டாம், ரோட்ட ஆற்றின் அணையால் ரோட்டர்டாம். உள்ளூர்க்காரர் இரண்டிலும் கடைசி அசையான 'டாம்' மீதே, அணையின் மீதே, அழுத்திச் சொல்கிறார்.

*

'டெய்க்ரம்ப்'. வரி முடிவில் இதை எங்கே உடைப்பது?

'டெய்' தொடை, 'க்ரம்ப்' சதைப்பிடிப்பு. அல்லது 'டெய்க்' கடலைத் தடுக்கும் கரை, 'ரம்ப்' பேரழிவு. அழுத்தம் துணைக்கு வராது, இரண்டிலும் அது முதல் அசையில்தான். ஒற்றைக் ககரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதே கேள்வி.

சொல் விளையாட்டாகவே இதை எடுத்துக்கொள்ளலாம். என்னால் முடிவதில்லை. 1953 ஜனவரி 31 இரவு எழுந்த புயலில் வடகடல் கரைகளை உடைத்தது. விடிந்தபோது தென்மேற்கு மாகாணமான ஸேலண்டில் ஊர் ஊராக நீரில் கிடந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். ககரத்தை இடப்பக்கம் சேர்க்கும்போதெல்லாம் அந்த இரவும் கூடவே வருகிறது.

*

'ஃபோர்கோமன்' என்றொரு வினை. முதல் அசையில் அழுத்தினால் நிகழ்வது. இரண்டாம் அசையில் அழுத்தினால் நிகழாமல் தடுப்பது. எழுத்தில் துளியும் வேறுபாடு இல்லை. வெள்ளத்துக்குப் பின் தொடங்கிய டெல்டா அணைத் திட்டம் 1997இல் மாஸ்லண்ட் தடுப்புக் கதவுகள் வரை நீண்டது. அந்த உழைப்பை எல்லாம் இந்த இரண்டாம் அழுத்தத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

வாசிப்பவர் தடுமாறக்கூடும் என்று தோன்றினால், அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேல் சிறு சாய்கோடு இடுவது டச்சு வழக்கம். நெடிலை இரண்டு எழுத்தாக எழுதியிருந்தால் இரண்டின் மேலும் இடுவார்கள்.