ஓரறிவுயிரும் தெய்வத்தின் எல்லையும்

புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர்களாக வகுத்த தொல்காப்பிய மரபியலும், அவற்றையும் கொல்லாமை நோன்பின் வரம்புக்குள் கொண்டுவந்த சமணமும், வாடும் பயிரைக் கண்டு வருந்திய வள்ளலாரும் (1823–1874) தாவரத்தின்பால் ஒரு பரிவைத் தமிழ்ச் சிந்தனைக்கு விட்டுச் சென்றிருப்பினும், ஒரு மரத்தின் இனமே உலகிலிருந்து அற்றுப்போவது எத்தகைய அறக்கேடு என்ற வினாவுக்கு அப்பரிவு நேரான விடை தருவதில்லை. கருணை துன்புறும் உயிரை நோக்கியது. இனமோ தனக்கென உடலும் வலியும் இல்லாதது. அதன் கடைசி மரம் மூப்பினால் தானே சாய்ந்தால் அங்கே கொலையும் இல்லை, கொன்றவனும் இல்லை. தாவர உணவை உயிர்க்கொலையாகக் கொள்ள வேண்டியதில்லை என்று விளக்கிய வள்ளலாரின் நெறியில், பசித்த மனிதனே முதலில் நிற்கிறான். அது குறையன்று, அந்நெறி எழுந்த காலத்தின் கேள்வி வேறு.

இவ்வினாவைச் சோதித்துப் பார்க்கத் தக்கது குளவெட்டி என்று மலையாளத்தில் வழங்கும் மரம். நாவலின் பேரினத்தைச் சேர்ந்ததும், சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள் 1918இல் திருவிதாங்கூரின் பெயரால் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதுமான இம்மரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. நன்னீர்ச் சதுப்பு, அதாவது மலையடிவாரப் பள்ளங்களில் ஓடை நீர் வடியாமல் தேங்கி மண் எப்போதும் ஊறிக் கிடக்கும் காடு, அதன் வாழிடம். அப்பள்ளங்களே நெல்லுக்கும் ஏற்றவை என்பதால் வடிகால் வெட்டப்பட்டுப் பெரும்பாலும் வயல்களாயின. மரம் மிகவும் அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னடச் சதுப்புகளில் சில நிற்க, கேரளத்தில் அது குறிப்பிடத்தக்க அளவில் தப்பிப் பிழைத்த இடங்களுள் ஒன்று, திருச்சூர் மாவட்டத்தின் கலசமலையில் உள்ள காவு, அதாவது தெய்வத்துக்கென்று விடப்பட்டு வெட்டுக்கத்தி நுழையாத சோலை.

அம்மரம் அரிது என்று அறிந்து அந்தக் காவைக் காத்தவர் முன்பு எவரும் இல்லை. எல்லைக்குட்பட்ட நிலமும் நீரும் தெய்வத்துக்குரியவை, அவற்றில் மனிதன் கைவைக்கலாகாது என்ற அச்சம் கலந்த பக்தியே காவல் செய்தது. அக்காவலின் நிழலில், பெயர் தெரிந்ததும் தெரியாததுமான பல உயிர்களோடு குளவெட்டியும் நின்றது. தனி உயிரைத் தேடிச் செல்லும் கருணையால் காக்க இயலாத இனத்தை, எவ்வுயிரையும் குறித்து எண்ணாத இடப்புனிதம் காத்தது என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் இதற்கு இணையானது கண்மாய். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாய்ப்பாக அமைந்த அதே வறட்சியால், விருதுநகரை அடுத்த சூலக்கரை முதல் சிவகாசி வரையிலான வட்டாரத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆண்டில் சில மாதங்களே நீர் காண்பவை. இத்தகைய கண்மாய்களுக்குரிய கொட்டி என்னும் நீர்க்கொடி, குளவெட்டி போல அருகிய இனமன்று எனினும், இடத்தோடு ஓர் இனம் எவ்வளவு பிணைந்தது என்பதைக் கண்கூடாகக் காட்டுவது: மழைக்காலத்தில் நீண்ட இலைகளை நீர்மேல் மிதக்கவிட்டுப் பூக்கதிரை மட்டும் மேலே நீட்டும் அது, கோடையில் இலையெல்லாம் கருகி, வெடித்த வண்டலுக்கு அடியில் சிறு கிழங்காக அடுத்த மழை வரை கிடக்கும். தென்மாவட்டங்களில் கரையில் அய்யனாரையும் மடையில் கருப்பனையும் நிறுத்திய மரபு கொட்டியை வழிபடவில்லை. அது கிடக்கும் மண்ணுக்கும் நீருக்கும் காவல் வைத்தது. இன்று சீமைக் கருவேலம் அடைத்த கண்மாயிலும், வண்டல் முழுவதையும் பொக்லைன் வழித்தெடுத்த கண்மாயிலும் கரையில் அய்யனார் இருக்கவே செய்கிறார், கிழங்குதான் இல்லை.

ஆதலின் புனிதத்தை முழுமையாக நம்புவதற்கும் இடமில்லை. காணிக்கை பெருகப் பெருகச் சோலை சுருங்கிக் கோயில் வளர்வதும், தெப்பக்குளத்தின் அடித்தளத்துக்கே சிமெண்டு பூசுவதும் பக்தியின் பெயரால்தான் நடக்கின்றன. தெய்வம் எல்லையிலிருந்து கருவறைக்குள் ஒடுங்கும்போது, எல்லைக்குள் இருந்தவை உரிமை இழக்கின்றன. தாவரவியல் பூங்காக்களில் நாற்று வளர்த்து இனத்தைக் காப்பது வேண்டிய பணியே ஆயினும், நாற்றைத் திரும்ப நடுவதற்கு நீர் தேங்கும் பள்ளம் வேண்டும். அப்பள்ளமோ இப்போது ஒருவரின் பட்டா வயல், அதன் நெல் பசி தீர்ப்பது. பசி தீர்த்தலையே தலையாய அறமாகக் கொண்ட நெறியில் நிற்பவரிடம், மரத்துக்காக வயலை மீண்டும் சதுப்பாக்கக் கேட்பது எளிதன்று, கேட்பது முறையா என்பதும் ஐயத்துக்குரியதே. காவுக்குள் எஞ்சிய சதுப்பைப் பொறுத்தவரை இம்மோதல் எழுவதில்லை. அங்கே வடிகால் வெட்டாமல் விடுவதால் எவர் வீட்டுச் சோறும் குறையாது.