எட்டுப் பேரின் மதிப்பெண்

அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளுடைய தேர்வு முடிவுகளை மொத்தமாக மட்டுமின்றி, இனம், குடும்ப வறுமை, உடற்குறை அல்லது கற்றல் குறை, ஆங்கிலம் பயின்றுவரும் நிலை ஆகியவற்றின்படி பிரித்தும் வெளியிடவேண்டும் என்பதை, 2002 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் சட்டம் கண்டிப்பான கடமையாக்கியது. 2015இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் இக்கடமையைக் கைவிடவில்லை. ஆனால் ஒரு தனி மாணவரை அடையாளம் காட்டக்கூடிய கல்வி விவரத்தைப் பெற்றோரின் ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் சொல்கிறது. இரண்டாயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளியில் இவ்விரு கடமைகளும் ஒன்றையொன்று உரசுவதில்லை. ஊரே ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில், நூறு பேர் மட்டுமே படிக்கும் உயர்நிலைப் பள்ளியில், ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது.

பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு வலுவான அறக்காரணம் உண்டு. பள்ளியின் சராசரி மதிப்பெண் நன்றாக இருக்கும்போது அதன் நிழலில் ஒரு பிரிவுக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலேயே நின்றுவிடலாம்; கேட்பாரும் இருக்கமாட்டார்கள், கேட்பதற்கு எண்ணும் இராது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமைகள் பல பின்னர் சரியாகவே கண்டிக்கப்பட்டன (2014க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி பெற்றாகவேண்டும் என்ற இலக்கு நிறைவேறும் என்று அதை எழுதியவர்களே நம்பியிருப்பார்களா என்பது ஐயம்). எனினும் சராசரிக்குப் பின்னால் ஒளியும் வசதியை அது பள்ளிகளிடமிருந்து பறித்தது என்பதை மறுக்க இயலாது.

சிறிய பள்ளியில் இவ்விரு கடமைகளும் எப்படி மோதும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். 60 பேர் கணிதத் தேர்வு எழுதி 44 பேர் தேர்ச்சி பெற்றனர் என்றும், எழுதியவர்களுள் வெள்ளையர் 52 பேர், அதில் தேர்ச்சி 41 என்றும் அறிக்கை சொல்லிவிட்டு, எஞ்சிய பழங்குடி மாணவர்களுக்குரிய கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக உடுக்குறி மட்டும் இட்டிருக்கிறது என்று கொள்வோம். கழித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் எட்டுப் பேர் எழுதி மூவரே தேறினர் என்பது விளங்கிவிடும். அந்த எட்டுக் குடும்பங்களும் எவையென்று கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். மறைத்த ஒரு கட்டத்தைக் காக்க மற்றொரு கட்டத்தையும் மறைக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

எனவே இத்தனை பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவை வெளியிடவேண்டாம் என்று மாநிலங்கள் ஒரு வரம்பு வைத்துக்கொள்கின்றன; சில மாநிலங்களில் அது 10, சிலவற்றில் 20 அல்லது 30. பள்ளியைத் தரம்பிரிக்கும் கணக்கில் ஒரு பிரிவு சேருமா என்பதற்கும் இத்தகைய வரம்பு உண்டு. குழந்தையின் மானம் காக்க எழுப்பிய சுவர் அதிகாரியின் மானத்தையும் காக்கும் என்பதே இங்குள்ள சிக்கல். ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்களின் மதிப்பெண்கள் இனவாரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மை இனத்தவர் என்றும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2006இல் கண்டறிந்தது. ஒரு சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்களே அதன் கணக்கிலிருந்து நழுவிப்போனதைத் தனியுரிமை என்ற பெயரால் மட்டும் நியாயப்படுத்த முடியாது.

மறுபுறம், சிறிய எண்ணை அப்படியே வெளியிடுவதும் உண்மையைச் சொல்வதாகாது. எட்டுப் பேர் கொண்ட பிரிவில் ஒரு குழந்தை காய்ச்சலில் தேர்வைக் கெடுத்துக்கொண்டாலே விழுக்காடு 12.5 புள்ளிகள் சரிந்துவிடும். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை, ஆனால் பள்ளி 'வீழ்ந்தது' என்று செய்தி வரும். தரவரிசைப் பட்டியல்களின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுந்திருப்பதற்கு இந்த எண்ணியல் தற்செயலும் ஒரு காரணம் என்பதைப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் விளக்கியுள்ளார்.

எண்ணைப் பிழையாகப் படிக்கும் பழக்கம் இச்சட்டங்களினும் பழையது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966இல் வெளிவந்த சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழுவின் அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டோடு பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே நெருங்கிய தொடர்புடையது என்று கண்டபோது, பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று அதற்குப் பொருள் கொண்டோர் பலர். ஒரு கூட்டத்தைப் பற்றிய தொடர்பு அக்கூட்டத்திலுள்ள ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. 'இவர்கள் இப்படித்தான்' என்று ஆசிரியர் அறையில் எழும் பேச்சுக்கு அறிக்கையின் கட்டமே சான்றாகிவிடுவது, மறைப்பதற்கு இணையான தீங்கு.

வறுமையை அளக்கும் கோலும் நேரானதன்று. அரசு வகுத்த வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் குடும்ப வருமானம் இருந்தால் மதிய உணவு இலவசம், 185 விழுக்காடு வரை சலுகை விலை என்னும் விதியைக்கொண்டே ஏழை மாணவர் எண்ணிக்கை நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. பின்னர், வறுமை மிகுந்த பள்ளிகளில் எல்லாருக்கும் இலவசமாக உணவிடலாம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்ததால், விண்ணப்பப் படிவம் நிரப்பும் கூச்சம் நீங்கியது. அதனோடு அந்தப் பள்ளிகளில் யார் ஏழை என்ற விவரமும் மங்கியது. இதற்காக எவரும் வருந்தவேண்டியதில்லை. கணக்குக்காகக் குழந்தையை வரிசையில் தனித்து நிறுத்துவதைவிடக் கணக்கு சற்று மங்குவதே மேல்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், சிறிய பள்ளியின் பிரிவுவாரி முடிவை அடியோடு மறைப்பதும் ஆண்டுதோறும் அம்பலப்படுத்துவதும் இரண்டுமே தவறு என்றாகிறது. மூன்று ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்து வெளியிடுவது இரண்டுக்கும் நடுவிலான வழி. அவ்வாறு சேர்க்கும்போது எட்டு இருபத்துநான்காகிறது, தனி முகமும் மறைகிறது, காய்ச்சலின் கணக்கும் கரைகிறது. ஆண்டு விவரம் கற்பிப்போர் கையிலும் பெற்றோர் கையிலும் இருந்தால் போதும்.

2015ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவிடப்படுகிறது என்பதையும் அறிக்கையில் காட்டச் சொல்கிறது. உள்ளூர்ச் சொத்துவரியை நம்பிய நிதிமுறையால் ஏழை வட்டாரப் பள்ளிகளுக்குக் குறைவாகக் கிடைப்பது அரசியல் சாசனத்துக்கு முரணன்று என்று உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்த நாட்டில், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய எண் அது. அதை எவ்வளவு சிறிய பள்ளிக்கு வெளியிட்டாலும் எந்தக் குழந்தையும் அடையாளம் தெரியாது, உடுக்குறிக்கும் வேலையில்லை. ஆயினும் மதிப்பெண்களைக் கேட்ட 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பள்ளிவாரியாகக் கேட்கவில்லை.