கடல் சேரும் நீர் வீணா?

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரங்கமே, அதாவது ஆற்றிடைக்குறையே, திருவரங்கம். 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் தொடங்கிய மேலணையின் காலம் முதல் பாசன நீர் காவிரிக்கும் வெள்ளநீர் கொள்ளிடத்துக்கும் என்று வகுக்கப்பட்டிருப்பதால், கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் ஆண்டுகளில் நீர் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கில் அறிவியல் பிழை ஒன்றும், அதனினும் ஆழமான மெய்யியல் பிழை ஒன்றும் உள்ளன.

கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. 2022இல் அது ராம்சர் உடன்படிக்கையின், அதாவது ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையின், பட்டியலில் இடம்பெற்றது. அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்குபவையே என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு: ஆற்றின் நன்னீர் குறைந்து, உள்ளே புகுந்த ஓதநீர் வடியாமல் தேங்கி ஆவியாகும் இடங்களில் மண்ணின் உவர்ப்பு ஏறி மரங்கள் பட்டுப்போகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே மேற்கொண்ட மீட்புப் பணி, ஓதநீர் வந்து வடிவதற்கு வாய்க்கால்கள் வெட்டியதையே அடிப்படையாகக் கொண்டது. ஆறு கொணரும் நன்னீரும் வண்டலும் முகத்துவாரத்துக்கு உணவாதலால், கடல் சேரும் நீர் பயனற்றுப் போவதில்லை.

எனினும் பயன் யாருக்கு என்னும் வினா எஞ்சுகிறது. திருவரங்கத்தில் வாழ்ந்த வைணவ ஆசாரியர் இராமானுசர், அறிவுள்ளனவும் அறிவற்றனவுமான அனைத்தும் இறைவனின் உடல் என்றார். ஓர் உயிரால் தாங்கப்பட்டு, இயக்கப்பட்டு, அதன்பொருட்டே இருப்பது எதுவோ அதுவே அவ்வுயிரின் உடல் என்பது தம் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் தரும் விளக்கத்தின் சாரம். பிறர்பொருட்டு இருக்கும் இத்தன்மை சேஷத்துவம் எனப்படும். இதன்படி ஆறும் காடும் மனிதனும் ஒருவனுக்கே சேஷமாதலால், மனிதனுக்குப் பயன்படாதது வீண் என்னும் கூற்று, உடைமையல்லாததை உடைமையாகக் கொள்வதாகும்.

அனைத்தையும் தாங்குபவன் இறைவனே எனில் மனிதன் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று வினவலாம். காப்பவன் என்னும் செருக்குக்கு இங்கே இடமில்லை. கைங்கரியத்துக்கு, அதாவது உடையவனுக்குச் செய்யும் தொண்டுக்கு, இடமுண்டு. பிச்சாவரத்தில் வெட்டிய வாய்க்கால் நீரைப் படைக்கவில்லை, அதற்கு வழிவிட்டது.

டெல்டா உழவரின் தேவையை இக்கொள்கை மறுக்கவில்லை, முறையையே மாற்றுகிறது. சேஷம் என்னும் சொல்லுக்கு மிச்சம் என்னும் பொருளும் உண்டு. கோயிலில் இறைவனுக்கு அமுது செய்விக்கப்பட்டபின் எஞ்சியதே அடியாருக்குப் பிரசாதமாகிறது. ஆற்றிலோ மனிதன் கொண்டது போக எஞ்சியதே கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் உயிர்த்திருக்க வேண்டிய நீரளவைச் சூழலியலார் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்வது, திருவரங்கத்து மடைப்பள்ளியில் நாள்தோறும் கடைப்பிடிக்கப்படும் அந்த வரிசையை ஆற்றுக்கும் கேட்பதேயாகும்.