திரை

மல்லசமுத்திரம் சோழீஸ்வரர் கோயிலில் பிரதோஷ பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த வேளையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் பிரகாரத்தில் என்னருகே வந்து உட்கார்ந்தான். கோயிலுக்கென்று சிறியதோர் இணையதளம் அமைக்கப் போவதாகவும், அதில் கோபுரத்தின் படத்தையும் பதிகப் பாடலையும் பூசைக் காட்சியையும் சேர்க்க எண்ணியிருப்பதாகவும் சொன்னவன், சற்றுத் தயங்கி, "ஏனுங்க ஐயா, மூலவரையே படம் புடிச்சுப் போட்டுட்டா என்னங்க? வெளியூர்ல இருக்கறவங்களுக்குத் தரிசனம் ஆகுமில்லைங்க?" என்று கேட்டான். அவன் தகப்பனார் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர்ப் பக்கம் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு வடநாடெங்கும் அலையும் ஆண்களும், அவர்கள் வருகைக்காகக் காத்திருக்கும் வீடுகளும் திருச்செங்கோட்டு வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. ஆகவே, அவன் வினாவை வெறும் விளையாட்டு ஆசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கூடாது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யவேண்டுமென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மூலவரைப் படமெடுப்பதைக் கோயில் சம்பிரதாயமும் ஒப்புவதில்லை. ஆயினும் தடை என்பது காரணம் ஆகிவிடாது. மூர்த்தியின் சாந்நித்தியம் அதன் நிழற்படத்துக்குள்ளும் செல்லுமா, செல்லாதா என்பதே அவன் கேட்டதன் உட்பொருள்.

படம் வெறும் பிரதிதானே என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. கருவறையில் இருக்கும் விக்கிரகமும் ஒரு பிரதிமையே. சிற்பி செதுக்கிய கல், நேத்ரோன்மீலனம் என்னும் கண்திறப்பும் ஆவாகனமும் பிரதிஷ்டையும் நிகழ்ந்த பிறகே தெய்வத் திருமேனி ஆகிறது என்று ஆகமங்களே விதிக்கின்றன. இனி, ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கிய நாள்முதல், கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்தவர் வீட்டுக்கும் இலக்குமியும் கலைமகளும் காகிதத்தில் சென்றார்கள். இளமையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு வந்த கோவில்பட்டி கொண்டையராஜு தீட்டிய தெய்வங்கள், நாட்காட்டியாக அச்சேறித் தமிழகத்தின் மளிகைக்கடைச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. என் பாட்டி அத்தகைய நாட்காட்டி முருகனுக்கு நாள்தோறும் நெற்றியில் குங்குமம் வைப்பாள். ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் தீர்ந்த அந்த அட்டையை எறிய மனமின்றி, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டு வருவாள். அச்சகத்தார் அந்தக் காகிதத்துக்கு ஒரு மந்திரமும் சொன்னதில்லை. அவள் விரல் அதைத் தொட்டுத் தொட்டே அது மூர்த்தி ஆயிற்று. ஆகையால் படம் என்பதற்காகவே படத்தை நான் குறைகூற மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. திருச்செங்கோட்டு மலைக்குப் படிவழியாக ஏறிச் சென்றவர்கள் அறிவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் முழங்கால் நோக ஏறி, இடப்பாகம் உமையாகவும் வலப்பாகம் சிவனாகவும் நிற்கும் அர்த்தநாரீசுவரரை விளக்கொளியில் கண்டு, திருவடியில் சுரக்கும் தேவதீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கிப் பருகும்போது, கண் மட்டுமன்றிக் காலும் நாவும் மூக்கும் சேர்ந்தே தரிசிக்கின்றன. சந்தனம், புஷ்பம், தூபம், தீபம், நைவேத்தியம் என்னும் உபசாரங்கள் ஐந்தனுள் தீபம் ஒன்றுதான் கேமராவுக்குள் அகப்படும். அந்தப் படிவழியிலேயே அறுபதாம்படி என்று ஒரு பகுதி உண்டு. தீராத வழக்குடையோர் அங்கே நின்று சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொண்ட பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தப் படியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சத்தியம் செய்தால் எதிராளி நகைக்கமாட்டானா? இடம் மனிதனைக் கட்டும் அளவுக்குப் படம் கட்டுவதில்லை.

இதைக் காட்டிலும் ஆழமான குறையொன்று உண்டு. கோயிலில் நாம் காண்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். அலங்காரம் ஆகும்வரை திரை போட்டிருக்கும். உச்சிப்போது கழிந்தால் நடை சாத்தியிருக்கும். திரை விலகித் தீபாராதனை ஒளியில் திருமுகம் தெரியும் அந்தக் கணம், அதற்கு முன்னிருந்த இருளினால் அன்றோ கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கணமாகிறது? சைவ சித்தாந்தம் இறைவன் தொழில்களை ஐந்து என்று எண்ணும்போது, படைத்தல், காத்தல், அழித்தல் என்பவற்றோடு நில்லாமல் மறைத்தலையும் ஒரு தொழிலாக வைத்து, அதற்குப் பின்னரே அருளலைச் சொல்கிறது. ஆன்மா தன் வினைப்பயனை நுகர்ந்து மலபரிபாகம் என்னும் பக்குவத்தை எய்தும் மட்டும் தன்னைக் காட்டாது நிற்பதும் அவன் கருணையே என்பது அதன் கொள்கை. கூத்தப் பெருமானின் தூக்கிய திருவடியைப் பாடாத புலவர் இல்லை. மனவாசகங்கடந்தார் செய்த உண்மை விளக்கமோ ஊன்றிய திருவடியில் அந்த மறைத்தலைக் காண்கிறது. வள்ளலாரும் வடலூர்ச் சத்திய ஞானசபையில் சோதியை வைத்தபோது அதன்முன் ஏழு திரைகளை வைத்தார்.

மறைக்கும் துணிக்கும் காட்டும் கண்ணாடிக்கும் தமிழில் திரை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கைப்பேசித் திரைக்கு விலகத் தெரியாது, ஏனெனில் அதற்கு மூடத் தெரியாது. நள்ளிரவிலும், பேருந்து நெரிசலிலும், இன்னும் சொல்லத்தகாத இடங்களிலும் அது ஒரே முகத்தை ஒரே வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எப்போதும் காணக்கூடியதை எவரும் காண்பதில்லை.

இப்படியெல்லாம் நான் விரித்துரைக்கையில் பையன் இடைமறித்து, கொரோனாக் காலத்தில் மதுரைத் திருக்கல்யாணத்தை எல்லோரும் கைப்பேசியில்தானே பார்த்தார்கள் என்றான். உண்மை. 2020 மே 4-ஆம் நாள், பக்தர் எவரும் இல்லாத கோயிலில் பட்டர்கள் சிலர் மட்டும் நின்று மீனாட்சி திருக்கல்யாணத்தை நடத்தி வைக்க, அதனை வீட்டிலிருந்தே கண்ட பெண்கள் அந்த முகூர்த்தத்திலேயே தம் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது தரிசனம் அன்று என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பதிவான அதே காட்சியை மறுநாள் போட்டுப் பார்த்து எந்தப் பெண்ணும் கயிறு மாற்றியிருக்கமாட்டாள். அவர்களைக் கட்டியது காலம். இடத்தை விட்டுக்கொடுத்த சடங்கு முகூர்த்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒலியின் நிலை வேறு. அதன்பால் எனக்குச் சற்றுப் பட்சபாதமும் உண்டு. தத்துவங்களின் வரிசையில் முதலில் தோன்றுவது நாதம் என்பார்கள். ஒலி பிறந்த அக்கணமே மறையத் தொடங்குவதால், மறைத்தல் அதன் இயல்பிலேயே இருக்கிறது. தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரம் மீட்கப்பட்ட வரலாற்றைக் கூறுவோர், எழுத்துக் கிடைத்தும் பண் கிடைக்காமற் போய், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் வழியாகவே அது திரும்பக் கிடைத்தது என்பார்கள். ஏடு இழந்ததைக் காத்து வைத்திருந்தது ஒரு குரல்! தருமபுரம் சுவாமிநாதன் பாடிப் பதிவான தேவாரம் இன்று எந்த ஊரிலிருந்தும் கேட்கக் கிடைக்கிறது என்றால், அதைப் பிரதி என்று இகழ எனக்குத் துணிவில்லை. கேட்பவன் உடன் பாடத் தொடங்கிய மாத்திரத்தில் அது அவன் குரலாகிவிடுகிறது. படத்தை அவ்வாறு யாரும் உடன் வரைவதில்லை.

ஆகவே அவனிடம், கோபுரத்தைப் போடு, தேரைப் போடு, கல்வெட்டு இருந்தால் எழுத்துத் தெரியும்படி போடு, நடை திறக்கும் நேரத்தோடு சாத்தும் நேரத்தையும் மறவாமல் எழுது, கருவறையை மட்டும் விட்டுவிடு என்றேன். கொங்குநாட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது சம்பந்தர் திருச்செங்கோடாகிய செங்குன்றூரில் பாடியதாகச் சேக்கிழார் கூறும் திருநீலகண்டப் பதிகத்தை, ஊர் ஓதுவார் குரலில், கோயில் மணியோடு சேர்த்துப் பதிவு செய்யும்படியும் சொன்னேன். சாயரட்சை ஆராதனையை அந்த வேளையில் மட்டும் நேரலையாகக் காட்டி, உடனே அழித்துவிட்டால் என்ன என்று கேட்டான். பிள்ளை நான் சொன்னதையே என்மேல் திருப்பிவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

பதிகத்தை மட்டும் பதிவு செய்து, தளம் வருவதற்கு முன்னதாகவே அவன் தன் தகப்பனாருக்கு அனுப்பியிருந்தான். வண்டியின் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றும், இடையில் யாரோ இருமுவதும், நம் ஊர் மணிச்சத்தமும், பிரகாரத்தில் ஒரு குழந்தை அழுவதும் நன்றாகக் கேட்டன என்றும், அவற்றை வெட்டிவிட வேண்டாமென்றும் அவர் சொல்லியனுப்பினாராம்.