பூட்டிய அலமாரி

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட ஊரொன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் அலமாரி ஒன்றைக் காண நேர்ந்தது. கண்ணாடிக் கதவுக்குள் நுண்ணோக்கி, காந்தங்கள், முப்பட்டகம், சோதனைக் குழாய்கள். கதவின் மேல் கொடையாளர் பெயர் பொன்னெழுத்துகளில் மின்னியது. பூட்டின்மேல் தூசி படிந்திருந்தது. "உடைந்து போனால் இருப்புப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது?" என்றார் ஆசிரியர். அவரைச் சோம்பேறி எனல் தகாது, அஞ்சுகிறவர், அவ்வளவே. வீடு வீடாகச் சென்று அத்தொகையைத் திரட்டித் தந்த ஜமாஅத் பெரியவரும் உடனிருந்தார். "கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்! அமானிதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்" என்று அவர் உள்ளம் குளிர்ந்தார்.

நமக்கோ உள்ளம் குளிரவில்லை. கொடுத்தது கொடுத்தபடியே இருப்பதுதான் அமானிதமா?

அமானிதம் நமக்கு மிக உயர்ந்த சொல். ஆனால் பாதுகாத்து வைக்கும்படி ஒப்படைத்த பொருள் வேறு. பயன்படுத்தும்படி ஒப்படைத்த பொருள் வேறு. நம் பக்கத்தில் பலர் பின்பற்றும் ஷாபிஈ சட்ட நூல்கள் இரவல் பொருளைப் பற்றிப் பேசுகையில் இந்த நுட்பத்தைக் கண்டிருக்கின்றன. உடுத்துவதற்கென இரவல் வாங்கிய ஆடை உடுத்தியதனாலேயே நைந்துவிட்டால், அதற்கு ஈடு தரவேண்டியதில்லை. எந்தப் பயனுக்காகக் கொடுக்கப்பட்டதோ, அந்தப் பயனில்தான் அது தேய்ந்தது. அப்படியாயின் ஒரு சிறுமி நீரைச் சூடேற்றிப் பார்க்கையில் விரிசல் கண்ட சோதனைக் குழாய்க்கு யார் யாரிடம் ஈடு கேட்பது? ஸதக்கத்துல் ஜாரியா என்கிறோமே, அந்த 'ஜாரியா' என்ற சொல்லுக்கே ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். கயிறு தேய்ந்துவிடும் என்று ஊர்க் கிணற்றை மூடி வைத்தவரை நாம் கேள்விப்பட்டதில்லை.

பொன்னெழுத்துகளுக்கு வருவோம். பெயர் எழுதுவதே பிழை என்று நாம் சொல்லவில்லை. வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, மறைவாக வறியவர்க்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பதே திருமறையின் (2:271) கருத்து. முளர் குலத்து ஏழைகள் மதீனா வந்தபோது அன்ஸாரி ஒருவர் கை தாங்காத பையொன்றைச் சுமந்து வந்து எல்லார் முன்னும் வைத்தார். அதைக் கண்டு ஒருவர்பின் ஒருவராக மக்கள் கொண்டுவந்து குவித்தனர். நற்செயலைத் தொடங்கி வைத்தவருக்கு, அவரைப் பின்பற்றியவர்களின் நன்மையிலும் பங்குண்டு என்று பெருமானார் (ஸல்) அப்போது அருளினார்கள். ஆக, பெயர் பிறரைத் தூண்டலாம். ஆனால் பூட்டிய அலமாரியின் மீதுள்ள பெயர் யாரைத் தூண்டும்? பொருளை வழங்கும் நாளில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, கைகூப்பச் செய்து, படமெடுக்கும் வழக்கமும் இருக்கிறது. சொல்லிக்காட்டியும் நோகச்செய்தும் தருமத்தைப் பாழாக்காதீர் என்ற எச்சரிக்கை (2:264) அந்தப் படங்களுக்கும் பொருந்தும் என்றே நாம் எண்ணுகிறோம்.

இந்த வட்டாரத்தில் வேறொன்றையும் நினைக்க வேண்டும். 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ்-50 ஓசூரிலிருந்து வெளிவந்தது. பின்னர் டைட்டன் கடிகாரமும் வந்தது. வயல்கள் ஆலைகளாயின. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது; தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டத்திற்கும் இத்தகைய நிதி வருகிறது. ஜகாத்தின் இரண்டரைக்குச் சற்றே குறைந்த இந்த இரண்டைக் காணும்போது, செல்வத்தில் இல்லாதார்க்கு அறியப்பட்ட உரிமை உண்டு என்ற திருமறைக் கருத்து (70:24, 25) நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று இபாதத், மற்றது நாட்டுச் சட்டம். எனினும் உரிமையைப் பெறுகிறவன் கைகூப்ப வேண்டியதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

எல்லைப்புற வகுப்பறையைப் பார்த்தவர்க்குத் தெரியும்: ஒரு பிள்ளை வீட்டில் உருது பேசும், இன்னொன்று தெலுங்கு, மற்றொன்று கன்னடம், ஆலை வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தி. பாடநூலின் தமிழ் வாக்கியம் ஒவ்வொன்றையும் வெவ்வேறு தொலைவில் சென்றடையும். காந்தமோ இரும்பை எல்லா மொழியிலும் இழுக்கும். கிருஷ்ணகிரிக்கு அருகே, ஆந்திர எல்லைக்குள் உள்ள குப்பத்தில் வளாகம் அமைத்திருக்கும் அகஸ்தியா அறக்கட்டளையினர், எளிய மலிவான பொருள்களில் செய்த கருவிகளை வண்டியிலேற்றிச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்கின்றனர். 2022இல் தமிழக அரசு 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றமும் இவ்வழியதே. தொட்டுப் பார்க்கவென்றே கொண்டுவந்த பொருளுக்குப் பூட்டு எதற்கு?

அன்று பள்ளியைவிட்டுப் புறப்படுமுன், இருப்புப் பதிவேட்டில் 'பாடத்தில் உடைந்தவை' என்றொரு பத்தி சேர்க்கலாகாதா என்று கேட்டோம். தலைமையாசிரியர் இசைந்தால் தமக்குத் தடையில்லை என்றார் ஆசிரியர். பெரியவர் மட்டும் நெடுநேரம் பேசவில்லை. வாயிற்படி வந்ததும் மெல்லக் கேட்டார்:

"அப்படியானால் ஆண்டுதோறும் வசூலுக்குப் போக வேண்டியிருக்குமே?"

ஆம், போக வேண்டியிருக்கும் என்றோம்.