மொய் நோட்டில் ஏறாத பெயர்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அண்டை வீட்டாரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வேலை கொடுத்த நிர்வாகமே வீட்டையும் கொடுக்கிறது. வேலை போனால் வீடும் போகும். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இம்மலையில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ஒருவரையொருவர் தாங்கித்தான் காலம் தள்ளின. கொழுந்தெடுக்கப் போனவளின் பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பாட்டி சோறூட்டினாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. இந்த உறவுக்கு ஒரு கணக்கும் உண்டு. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்வார்கள். அதில் இழிவில்லை, அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தோட்டத்தை ஓர் ஊராக்கியது. ஆனால் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போன பிறகு, கொழுந்தெடுக்க வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். திருப்பிச் செய்ய இங்கே வீடோ விசேஷமோ இல்லாத இவர்களிடத்தும் அண்டை வீட்டாருக்குரிய கடமை நமக்கு உண்டா?

உண்டு என்பதற்கு முதற்காரணம், இவர்களின் தனிமை தற்செயலானதன்று என்பதே. தற்காலிக வேலை அனுமதியில் வரும் தொழிலாளி மனைவி மக்களை அழைத்து வரச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே இரவில் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் பக்கத்து வீட்டாரைத் தவிர ஆளில்லை. அந்த நேரத்தில் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி, தானா ராத்தா மருத்துவமனை வரை ஒரு கார், அங்கே முகப்பில் அவருக்காக மலாயில் நாலு வார்த்தை என உதவி சிறியதுதான். ஆனால் அதைச் செய்யக்கூடிய தொலைவில் இருப்பவர் ஒருவரே. கடமையை உண்டாக்குவது அந்த நெருக்கம்தான். இனமோ மொழியோ அன்று.

“நாலைந்து வருஷத்தில் போய்விடுகிறவர்களோடு என்ன உறவு?” என்பார்கள். கங்காணிகள் ஆள்சேர்த்து அழைத்து வந்த தமிழர்களையும் வந்து போகிற கூட்டமாகத்தான் தோட்டத் துரைமார் எண்ணினார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்திய பிறகும் பலர் இம்மண்ணிலேயே வேர்விட்டனர். இன்று வந்திருப்பவர்கள் திரும்பிப் போகத்தான் போகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், இன்றைய காய்ச்சலின் சூடு அதனால் குறைவதில்லை. “இவர்கள் வந்ததால்தான் நம் கூலி உயரவில்லை” என்ற குறையில் உண்மை இருக்கலாம். ஆனால் கூலியை நிர்ணயிப்பவர்கள் வேறு. அவர்கள்மேல் காட்டவேண்டிய கோபத்தை அடுத்த வீட்டுக் கதவில் காட்டுவது நியாயமாகாது.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அண்டை வீட்டார் கஞ்சி கொடுத்துக்கொண்டே இருந்தால், முதலாளி தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்வார் என்பது அது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தரத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் சட்டம் 1990லேயே வந்துவிட்டது. 2024 ஜனவரியில் இதே மலையின் புளூ வேலியில் நள்ளிரவு தாண்டி மண் சரிந்தபோது மியன்மார்த் தொழிலாளர் ஐவர் மாண்டனர். எந்த அண்டை வீட்டு அன்பும் அந்தச் சரிவைத் தடுத்திருக்காது. சட்டம் செய்ய வேண்டியதை இரக்கத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது சரியே. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் போய் வந்தவருக்குத்தான் அங்கே கூரை ஒழுகுவதும் பின்சுவர் வெடித்திருப்பதும் தெரியும். அனுமதி ரத்தாகுமோ என்று அந்தத் தொழிலாளி வாய் திறக்க அஞ்சும் இடத்தில், குடியுரிமை உள்ளவர் எடுத்துச் சொல்லலாம். அன்பு அங்கே நீதிக்குச் சாட்சியாகிறது.

ஓர் எச்சரிக்கை தேவை. கொடுத்துக்கொண்டே இருப்பவர் மெல்ல மேலே ஏறிவிடுவார். வாங்குகிறவர் தலை குனிந்துவிடும். ஆகவே கோயில் திருவிழாவுக்குப் பந்தற்கால் நடும்போது அவரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்ல வேண்டும். அவர் சமைத்ததைத் தயங்காமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் வாழும் இடத்தில் தர்மம் நடக்கலாம். அண்டை அயல் என்ற உறவு அமையாது.